‘சரி’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்?

அலுவலகக் கூட்டங்களில் அதிகம் புழங்கும் சொல் ‘சரி’. ‘சரி சார்’, ‘சரிங்க மேடம்’, ‘சரி, அப்படியே பண்ணிடலாம்’ என்று பல உருவில் வரும். கூட்டத்தை நடத்துபவர் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறார். ஆனால் அந்தச் சொல்லுக்கு ‘காதில் விழுந்தது’ என்றும் பொருள் உண்டு; ‘நீங்கள் மேலதிகாரி, இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது’ என்றும் உண்டு; ‘மணி ஒன்றரை ஆகிறது, சாப்பிடப் போகலாம்’ என்றும் உண்டு. பத்துப் பேர் சரி சொல்லி எடுத்த தீர்மானம் இரண்டே வாரத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுபட்டால், யாரோ முரண்டு பிடிக்கிறார் என்றுதான் முதலில் சந்தேகம் வரும். பெரும்பாலும் காரணம் அதைவிடச் சாதாரணமானது. எதைத் தீர்மானித்தோம் என்பதிலேயே ஆளுக்கொரு எண்ணம் இருந்திருக்கும்.

உடன்பாடு வேறு, புரிதல் வேறு. ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்ட இரண்டு பேர் கடைசிவரை கருத்து வேறுபடலாம். அதில் கெடுதல் இல்லை. எங்கே வேறுபடுகிறோம் என்பது இருவருக்கும் தெரியும். ஒன்றும் புரியாத இரண்டு பேர் ஒரே நிமிடத்தில் கைகுலுக்கிவிடவும் கூடும். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. உளவியலாளர்களும் நிர்வாகவியலாளர்களும் பொதுப் புரிதல் என்று சொல்வது, ஒரு குழு சில அடிப்படை விஷயங்களை ஒரே மாதிரி மனத்தில் வைத்திருப்பதை: இப்போது விடை தேடும் கேள்வி எது, புழங்கும் சொற்களுக்கு என்ன பொருள், யாருக்கு எது தெரியும், கடைசியில் முடிவெடுக்கப்போவது யார். கருத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று இதில் எங்கும் இல்லை.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். 1951-இல் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. ஓர் அறிக்கை தயாரித்தது. சோவியத் அணி அந்த ஆண்டு யுகோஸ்லாவியாவைத் தாக்குமா என்பது கேள்வி. தாக்குதலை ‘தீவிரமான சாத்தியமாகக் கருத வேண்டும்’ என்று எழுதி, குழு முழுவதும் ஏற்று, அறிக்கை வெளியே போனது. சில நாள் கழித்து வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர், அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று அறிக்கைக் குழுவிலிருந்த ஷெர்மன் கென்ட்டிடம் பேச்சுவாக்கில் கேட்டார். தாக்குதல் நடக்க நூற்றுக்கு 65 வாய்ப்பு என்று கென்ட் சொன்னதும் அதிகாரி திடுக்கிட்டார். அவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் திரும்பி வந்து, அறிக்கையை உருவாக்கிய தன் சகாக்களையே தனித்தனியாகக் கேட்டார். ஒருவர் 80 விழுக்காடு என்றார், இன்னொருவர் 20 என்றார். மற்றவர்கள் நடுவில் எங்கெங்கோ நின்றார்கள். வாக்கியத்தில் எல்லோருக்கும் உடன்பாடு. வாக்கியம் சொல்லும் விஷயத்தில் யாருக்கும் யாரோடும் இல்லை.

கென்ட் இதற்கு ஒரு பட்டியலே போட்டார். ‘ஏறக்குறைய உறுதி’ என்றால் சுமார் 93 விழுக்காடு, ‘நடக்கக்கூடும்’ என்றால் சுமார் 75 விழுக்காடு என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண்ணைக் கட்டினார். 1964-இல் இதைப் பற்றி எழுதியபோது, எண்ணை விரும்புகிறவர்களைக் கணிதர் கட்சி என்றும், சொல்லை நெகிழ்வாக வைத்திருக்க விரும்புகிறவர்களைக் கவிஞர் கட்சி என்றும் பிரித்துக் கிண்டல் செய்தார். பெரும்பாலான அலுவலகங்களில் இன்றும் கவிஞர் கட்சியின் ஆட்சிதான். ‘கூடிய விரைவில்’, ‘ஓரளவு முடிந்துவிட்டது’, ‘பெரிய செலவு வராது’ என்பதெல்லாம் அவர்களுடைய பாடல்கள்.

இதே கதை இன்னும் பெரிய விலையோடு 1986-இல் திரும்ப வந்தது. சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்து ஏழு பேர் இறந்தபின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இருந்தார். ஓடம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு நாசாவுக்குள்ளேயே கிடைத்த மதிப்பீடுகளை அவர் பதிவு செய்தார். களத்தில் வேலை பார்த்த பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்ற அளவில் சொன்னார்கள். நிர்வாகத் தரப்பு லட்சத்தில் ஒன்று என்றது. லட்சத்தில் ஒன்று என்றால் தினமும் ஒரு ஓடமாக 300 ஆண்டு ஏவினாலும் ஒன்றைத்தான் இழக்க வேண்டும். ‘ஆபத்து உண்டு, ஆனால் ஏற்கத்தக்கது’ என்ற ஒரே வாக்கியத்தை இரு தரப்பும் பேச முடிந்தது. ஆயிரம் மடங்கு வித்தியாசம் அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்துகொண்டது.

அதே நாசா 1999 செப்டம்பர் 23 அன்று இன்னொரு பாடம் படித்தது. செவ்வாயைச் சுற்ற அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், கிரகத்தின் பரப்பிலிருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போயிருக்க வேண்டியது, 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கி அழிந்தது. ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் எழுதியது. மறு குழு அதை நியூட்டன் அளவென்று படித்தது. இரண்டுக்கும் இடையே நாலரை மடங்கு வேறுபாடு. இரண்டு குழுவும் தத்தம் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தன.

இவ்வளவு பெரிய இடைவெளி பேசும்போதே ஏன் கண்ணில் படுவதில்லை? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1990-இல் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி நடத்திய சோதனை இதைக் காட்டுகிறது. சிலர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுகிறவரின் காதில் மெட்டு, பாட்டு வரி, வயலின் எல்லாம் சேர்ந்து ஓடுகிறது. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது டொக், டொக். திட்டத்தை மூன்று மாதமாக மனத்தில் சுமந்த மேலாளர் பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டு ‘புரிஞ்சுதா?’ என்று கேட்கும்போது நடப்பதும் இதுதான். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும் என்பதால், அது கேள்வியே அல்ல என்றுகூடச் சொல்லலாம். ‘நீங்க புரிஞ்சுக்கிட்டதை ஒரு தடவை சொல்லுங்க’ என்பதுதான் கேள்வி.

மென்பொருள் குழுக்கள் இந்த மௌன இடைவெளியை வெளியே இழுக்க ஒரு சீட்டாட்டத்தை வைத்திருக்கின்றன. ஜேம்ஸ் கிரென்னிங் 2002-இல் எழுதிய ‘பிளானிங் போக்கர்’ அது, சென்னை ஓ.எம்.ஆர். சாலை அலுவலகங்களுக்கு நன்கு பழக்கமானது. ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று ஒவ்வொருவரும் 1, 2, 3, 5, 8, 13 என்ற எண்களில் ஒன்றைத் தேர்ந்து, சீட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். முதலில் சொன்னவரைப் பார்த்து அடுத்தவர் மாற்றிக்கொள்ள வழியில்லை. பிறகு ஆகக் குறைந்த எண்ணும் ஆக அதிக எண்ணும் வைத்தவர்கள் காரணம் சொல்வார்கள்.

பஸ் டிக்கெட் பதிவு செய்யும் செயலி ஒன்றில் ‘ரத்து’ பொத்தான் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். நிரல் எழுதும் இளைஞர் 2 வைக்கிறார். சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் 13 வைக்கிறார். இளைஞர் சிரிக்கிறார்: ‘ஒரு பட்டன்தானேக்கா?’ டெஸ்டர் விரல் விட்டு எண்ணத் தொடங்குகிறார். ஒரே டிக்கெட்டில் நாலு சீட் போட்டு ஒரு சீட்டை மட்டும் ரத்து செய்தால்? கூப்பன் போட்டு வாங்கியிருந்தால் எவ்வளவு திருப்பித் தருவது? பஸ் கோயம்பேட்டை விட்டுக் கிளம்பியபின் ரத்து செய்தால்? வாடிக்கையாளர் சார்பில் பேசுபவர் இதில் பாதியை அதுவரை யோசித்ததே இல்லை. பத்து நிமிடப் பேச்சில், இந்த முறை முழு டிக்கெட் ரத்து மட்டும் போதும், மற்றவை பிறகு என்று வருகிறது. மறுபடி சீட்டைத் திருப்பினால் எல்லோரும் 5. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இளைஞரை டெஸ்டர் வாதத்தில் வெல்லவும் இல்லை. இருவரும் இரண்டு வெவ்வேறு வேலையை அளந்துகொண்டிருந்தது தெரிந்ததும் சண்டைக்குப் பொருளே இல்லாமல் போனது. இதே காரணத்துக்காகத்தான் அக்குழுக்கள் ‘முடிந்தது’ என்ற சொல்லுக்கும் விளக்கம் எழுதிச் சுவரில் ஒட்டுகின்றன. நிரல் எழுதியதும் முடிந்ததா, சோதித்ததும் முடிந்ததா, வாடிக்கையாளர் கைக்குப் போனதும் முடிந்ததா என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கும்.

பொதுப் புரிதல் என்றதும் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பது பொதுவான தவறு. அப்படியிருந்தால் குழு எதற்கு, ஒரே ஆள் போதுமே. யாருக்கு எது தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1985-இல் கணவன் மனைவியரை வைத்து இதை விளக்கினார். கேஸ் புத்தகம் எங்கே என்று ஒருவருக்குத் தெரியும், எல்.ஐ.சி. தவணை எப்போது என்று மற்றவருக்குத் தெரியும். யாரைக் கேட்பது என்று இருவருக்கும் தெரிவதால் குடும்பத்தின் ஞாபகம் இரு மடங்காகிறது. அலுவலகத்திலும் அப்படித்தான். எந்தக் கோப்பு எந்த பீரோவில் என்று அறிந்த மூத்த எழுத்தர் ஓய்வு பெறும் நாளில், மாலை மரியாதையோடு அலுவலகத்தின் பாதி ஞாபகமும் வெளியேறிவிடுகிறது.

இந்த அறிவுப் பங்கீடு தெரியாமல் கூடிப் பேசினால் என்ன ஆகும் என்பதை கேரல்ட் ஸ்டேசர், வில்லியம் டைட்டஸ் இருவரும் 1985-இல் சோதித்தார்கள். மாணவர்களை நாலு நாலு பேராக உட்கார வைத்து, மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மூவரில் ஒருவர் தகுதியில் தெளிவாக மேலானவர். எல்லாத் தகவலையும் எல்லோர் கையிலும் கொடுத்தபோது 83 விழுக்காட்டுக் குழுக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தன. பிறகு அதே தகவலை வேறு விதமாகப் பிரித்துக் கொடுத்தார்கள்: அவருடைய சிறப்புகள் ஆளுக்குச் சிலவாகச் சிதறியிருக்கும், நாலு பேரும் சேர்த்துவைத்தால் முழுப் படமும் கிடைக்கும். பேச நேரமும் கொடுத்தார்கள். இப்போது கால்வாசிக் குழுக்கள்கூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

பேசியும் ஏன் வெளிவரவில்லை? நாலு பேருக்கும் தெரிந்த விஷயத்தை எழுப்ப நாலு வாய் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்ததை எழுப்ப ஒரே வாய்தான். போதாததற்கு, எல்லோருக்கும் தெரிந்ததைச் சொன்னால் மற்றவர்கள் ‘ஆமாம், ஆமாம்’ என்று ஆமோதிக்கிறார்கள். சொன்னவருக்கும் தெம்பாக இருக்கிறது. புதியதைச் சொன்னால் ‘அப்படியா? எங்கே கேள்விப்பட்டீங்க?’ என்ற பார்வைதான் கிடைக்கும். ஆக, கூட்டம் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசி, நன்றாக விவாதித்தோம் என்ற திருப்தியோடு கலைகிறது. யார் எந்த விஷயத்தில் தனித் தகவல் வைத்திருக்கிறார் என்பதை முதலிலேயே எல்லோருக்கும் அறிவித்துவிட்டால் இந்தக் குறை தணிகிறது என்று ஸ்டேசரின் பிந்தைய ஆய்வுகள் காட்டின. விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவரிடம் ‘உங்க கருத்து என்ன?’ என்று கேட்பதைவிட, ‘எங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று கேட்பது அதிகம் பலன் தரும்.

மௌனம் சம்மதம் என்று ஒரு சொலவடை உண்டு. பெண் பார்க்கும் வீட்டில் செல்லுமோ என்னவோ, அலுவலகத்தில் அது செல்லாது. ஜெர்ரி ஹார்வி என்ற நிர்வாகவியல் பேராசிரியர் 1974-இல் தன் குடும்ப அனுபவம் ஒன்றை எழுதினார். டெக்சஸ் மாநிலத்தின் கோல்மன் என்ற ஊர், 104 டிகிரி வெயில். வீட்டோடு உட்கார்ந்திருந்த நாலு பேரில் மாமனார், அபிலீன் போய்ச் சாப்பிட்டு வரலாமா என்றார். 53 மைல் தூரம், காரில் ஏ.சி. கிடையாது. மனைவி நல்ல யோசனை என்றார், ஹார்வி சரி என்றார், மாமியாரும் தலையாட்டினார். புழுதியில் குளித்து, சுமாரான சாப்பாட்டைத் தின்று திரும்பியபின்தான், நாலு பேரில் ஒருவருக்கும் போக விருப்பமில்லை என்று தெரிந்தது. மற்றவர்களுக்குப் போரடிக்குமே என்று நினைத்துத்தான் கேட்டேன் என்றார் மாமனார். பூம்பூம் மாட்டுக்காவது தலையாட்டச் சொல்ல ஒருவர் வேண்டும். இங்கே நாலு பேரும் மாடுகள், மேளக்காரரைக் காணோம். கூட்டம் முடிந்து டீக்கடைக்கு நடக்கும்போதுதான் உண்மைக் கருத்து வெளிவரும் அலுவலகம் எதுவும் அபிலீனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

பதவி வித்தியாசம் சேர்ந்தால் மௌனம் ஆளைக் கொல்லும். 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் நிறுவனத்தின் 173-ஆம் விமானம் அமெரிக்காவின் போர்ட்லண்டில் இறங்கும்போது சக்கரப் பகுதியில் கோளாறு போலத் தெரிந்தது. அதை ஆராய்ந்தபடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானத்திலேயே சுற்றினார்கள். இன்னும் 15 நிமிடம் என்றால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்று விமானப் பொறியாளர் சொல்லவும் செய்தார். ஆனால் தலைமை விமானியின் மனத்தில் ஓடிய படம் சக்கரம். பொறியாளரின் மனத்தில் ஓடிய படம் எரிபொருள் முள். இரண்டும் கடைசிவரை ஒரே படமாகவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். இதுபோன்ற விபத்துகளை அலசிய நாசா 1979-இல் ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-இல் யுனைடெட் நிறுவனம் விமானிகளுக்குப் புதுவிதப் பயிற்சியைத் தொடங்கியது. பார்ப்பதை உரக்கச் சொல்வது, இளையவர் தயங்காமல் குறுக்கிடுவது, மூத்தவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது ஆகியவை அதன் உயிர்.

பலன் 1989 ஜூலை 19 அன்று தெரிந்தது. அதே நிறுவனத்தின் 232-ஆம் விமானத்தில் வால் என்ஜின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செத்துப்போயின. பயணியாக வந்த பயிற்சி விமானி டெனிஸ் ஃபிட்ச்சையும் அறைக்குள் அழைத்துக்கொண்டார் கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ். என்ஜின் விசையைக் கூட்டிக் குறைத்தே நாலு பேருமாக 44 நிமிடம் ஓட்டி சூ சிட்டியில் இறக்கினார்கள். தரையில் மோதி உடைந்தபோதும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். இந்தப் பயிற்சி இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்பதை ஹெய்ன்ஸ் பிறகு பல மேடைகளில் சொன்னார்.

விமானிகளிடமிருந்து இந்தப் பழக்கம் அறுவை அரங்குக்குப் போனது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சம் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நிறுத்தி, தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். யார் நோயாளி, என்ன அறுவை, எந்தப் பக்கம், எதற்குப் பயப்பட வேண்டும் என்று வாய்விட்டுப் பேச வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. சிக்கல்கள் 11-லிருந்து 7 விழுக்காடாகின. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே பட்டியல் வந்தபின் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஏன் என்பதில் இன்னும் விவாதம் உண்டு. பலர் காட்டும் காரணம் நம்மூர் அலுவலகங்களுக்கும் அந்நியமானதல்ல: மேலிருந்து உத்தரவு வந்தால் கட்டத்தில் டிக் விழும், பேச்சு நடக்காது. பட்டியல் நல்லது செய்வது அது ஆட்களைப் பேசவைக்கும் அளவுக்குத்தான்.

கூட்டத்துக்கு முன்பே புரிதலைக் கட்டுவது ஜப்பானியர் வழி. ‘நெமவாஷி’ என்பது தோட்டக்காரர் சொல். பெரிய மரத்தை இடம் மாற்றுமுன் வேரைச் சுற்றித் தோண்டி, சில வேர்களை வெட்டி, புது வேர் துளிர்க்க விட்டு, பிறகுதான் பெயர்ப்பார்கள். நிறுவனத்தில் அதற்குப் பொருள், சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியே போய்ப் பார்த்து, ஆட்சேபங்களைக் கேட்டு, யோசனையைத் திருத்திக்கொண்டு வருவது. டொயோட்டாவில் இதற்கு ஒரே ஒரு ஏ3 தாள்: பிரச்சினை, இன்றைய நிலை, காரணம், மாற்று வழி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அமேசான் நிறுவனம் 2004-இல் உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை விலக்கி, அதற்குப் பதில் முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பை வைத்தது. கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்து அதைப் படிக்கிறார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் படித்ததாக நடிப்பவர்கள் இல்லாத கூட்டம் அதிகம் கிடையாது என்பதை நினைத்தால் வேடிக்கை போய்விடும். ஜப்பானிய முறைக்கு ஒரு குறையும் உண்டு. தனியறைப் பேச்சு எளிதில் ஆள்சேர்ப்பாக மாறிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கருத்து வேறுபாடு மிஞ்சலாம். மிஞ்சினால் அது உண்மையான வேறுபாடு: செலவா தரமா, வேகமா பாதுகாப்பா என்பது போன்றது. அதைத் தீர்க்க, முடிவெடுக்கும் முறை முன்பே தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒப்ப வேண்டுமா, பெரும்பான்மை போதுமா, கேட்டுவிட்டு மேலாளர் முடிவு செய்வாரா? எதுவானாலும் சொல்லிவிட்டுச் செய்தால் தோற்றவரும் சேர்ந்து இழுப்பார். கருத்துக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, ஏற்கெனவே எடுத்த முடிவை அறிவித்தால், அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ‘சரி சார்’ சொல்வார்கள்.

கடைசியாக மினிட்ஸ். ‘பொருள் குறித்து விரிவாக ஆலோசிக்கப்பட்டது. ஆவன செய்ய முடிவு செய்யப்பட்டது’ என்பது பல கூட்டக் குறிப்புகளின் நிரந்தர வாசகம். கென்ட்டின் கவிஞர் கட்சி எழுதியது போலிருக்கும். என்ன செய்வது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், கைவிட்ட யோசனை எது, ஏன் கைவிட்டோம் என்று நாலைந்து வரி போதும். அதைப் பிறகு மின்னஞ்சலில் அனுப்பாமல், யாரும் எழுந்திருப்பதற்குள் அங்கேயே உரக்க வாசிக்கும் வழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. அதற்குள் மூலையிலிருந்து யாராவது, ‘அப்படியா? நான் வேற மாதிரில்ல நினைச்சேன்’ என்பார். எழப்போனவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார வேண்டியதுதான்.